மலைத்தடங்களில் சக்கரம் – 12: யாரும் தப்பிச் செல்லாத சாலை

மலைச் சைக்கிளில் பல நாள் தொடர்ந்து ஓடும் பந்தயம் எப்படிப் பிறந்தது, எந்தெந்த மலைகளில் வேரூன்றியது என்பதைச் சென்ற பகுதிகள் கூறின. 1976 செப்டம்பரில் அமெரிக்காவின் கொலராடோவில், கிரெஸ்டட் பியூட் என்னும் பழைய சுரங்க ஊரைச் சேர்ந்தவர்கள் தடித்த டயர் போட்ட பழஞ்சைக்கிள்களில் பேர்ல் கணவாயைத் தாண்டி இரண்டு நாளில் ஆஸ்பென் நகரை அடைந்தனர். 1990களின் தொடக்கத்தில் கோஸ்டா ரிக்காவில் ரொமான் உர்பினா என்பவர், பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியப் படை நடந்த வழியைத் தேடிப் பிடித்து, பசிபிக் கரையிலிருந்து கரீபியக் கரைவரை ஒரு பந்தயம் அமைத்தார். 1998இல் ஜெர்மனியின் மிட்டன்வால்டிலிருந்து இத்தாலியின் ரீவா நகர்வரை ஆல்ப்ஸைக் குறுக்கே கடக்கும் டிரான்ஸ்ஆல்ப் தொடங்கியது. கோஸ்டா ரிக்காவில் ஓட்டிப் பார்த்திருந்த கெவின் வெர்மாக் 2004இல் தென்னாப்பிரிக்காவில் கேப் எபிக்கைத் தொடங்க, அதற்கு அடுத்த ஆண்டே இமயத்தில், சிம்லாவிலிருந்து புறப்படும் எம்டிபி ஹிமாலயா உருவானது.

புதிதாகச் சேரும் வாசகருக்காக ஒரு விளக்கம்: இவ்வகைப் பந்தயத்தில் ஒரு நாள் ஓட்டத்தைக் கட்டம் என்பர். ஒவ்வொரு கட்டத்திலும் வீரர் எடுத்துக்கொண்ட நேரம் குறிக்கப்பட்டு, எல்லா நாள்களின் நேரமும் கூட்டப்பட்டு, மிகக் குறைந்த நேரத்தில் முடித்தவர் வெற்றியாளராக அறிவிக்கப்படுகிறார். குறித்த வேளைக்குள் கட்டத்தை முடிக்காதவர் தரவரிசையிலிருந்து நீக்கப்படுகிறார். கேப் எபிக் எட்டு நாளில் 600 முதல் 700 கிலோமீட்டர் வரை ஓடுகிறது. அதில் இருவர் ஓர் அணியாகச் சேர்ந்து ஓட்ட வேண்டும் என்பதும், அந்த இருவருக்கும் இடையே இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது என்பதும் அதன் தனி விதிகள்.

இந்த வாரம் தொடர் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வருகிறது. பாலக்காட்டுக் கணவாயின் தென்கரையில் நெல்லியாம்பதியாக எழுந்து, பறம்பிக்குளம், வால்பாறை, இரவிகுளம், மறையூர், வட்டவடை என்று தொடர்ந்து, கொடைக்கானலை ஒட்டி நிற்கும் ஆனைமலைத் திரளே இப்பகுதியின் களம். இமயத்துக்குத் தெற்கே இந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான 2,695 மீட்டர் ஆனைமுடி இதன் நடுவில் நிற்கிறது. ஆல்ப்ஸுக்கும் ஆண்டிஸுக்கும் ஈடான மேடுபள்ளமும், நூறாண்டுக்கு மேற்பட்ட பழந்தடங்களும் இங்கே உண்டு. ஆயினும் கேப் எபிக் போன்ற ஒரு நாள்தொடர் பந்தயம் இம்மலைகளில் நிலைபெறவில்லை. அதற்கான காரணத்தைத் தேடினால், சைக்கிள் கண்ணில் படுவதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கும் ஒரு கதைக்குள் நுழைய வேண்டியிருக்கிறது.

தடமும் இசைவும்

இதுவரை பார்த்த பந்தயங்கள் அனைத்துக்கும் அடியில் வேறு யாரோ வேறு எதற்கோ வெட்டிய பாதை ஒன்று கிடந்தது. கொலராடோவில் அது வெள்ளிச் சுரங்கத்துக்குக் கோவேறு கழுதை சென்ற வழி. ஆல்ப்ஸில் முதல் உலகப் போரின்போது இத்தாலிய, ஆஸ்திரியப் படைகள் பீரங்கி ஏற்ற அமைத்த வழி. தென்னாப்பிரிக்காவில் பண்ணைச் சாலையும் திராட்சைத் தோட்டத்து வரப்பும். பந்தயத்துக்கென்றே மலையை வெட்டிப் புதுப்பாதை போட்டவர் மிகச் சிலரே. உழைப்புக்காகவோ போருக்காகவோ வெட்டப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட தடத்தைத்தான் மலைச் சைக்கிள் தனதாக்கிக்கொண்டது.

தடம் மட்டும் போதவில்லை. அதன்மேல் சில நூறு பேர் ஓட, அந்த நிலத்துக்கு உரியவரின் இசைவு வேண்டும். கேப் எபிக்கின் பாதையில் பெரும்பகுதி தனியார் பண்ணைகளின் ஊடே செல்கிறது. பந்தயத்துக்காக அந்தப் பண்ணை வாயில்கள் திறக்கப்படுகின்றன. ஒருநாள் போட்டிக்கு ஓர் உரிமையாளர் இசைந்தால் போதும். எட்டு நாள் போட்டிக்கோ சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இசைய வேண்டும். ஒன்று அறுந்தாலும் பந்தயம் அந்த இடத்தில் நின்றுவிடும்.

தடம் எப்படி உண்டானது, இசைவு எப்படி அரிதானது என்ற இரண்டையும் ஆனைமலைத் திரளில் ஒருசேரக் காணலாம்.

1902: ஒற்றைத் தண்டவாளம்

1877 ஜூலை 11 அன்று பூஞ்ஞாறு அரசர் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயருக்கு, மூணாற்றைச் சூழ்ந்த கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எழுதிக்கொடுத்தார். 227 சதுர மைல் பரப்புள்ள அந்த நிலத்தில் காப்பி, சின்கோனா, ஏலம் என்று ஒவ்வொன்றாக முயன்று பார்க்கப்பட்டு, கடைசியில் தேயிலை நிலைத்தது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவானபோது எழுந்த பெருஞ்சிக்கல், தேயிலைப் பெட்டியை மலையிலிருந்து எப்படி இறக்குவது, தொழிலாளருக்கான அரிசியை எப்படி ஏற்றுவது என்பதே.

மேற்கே கொச்சி பக்கம் அடர்காடும் பெருமழையும் வழிமறித்தன. கிழக்கே மலை செங்குத்தாக இறங்கினாலும் தூரம் குறைவு. அடிவாரத்தில் போடிநாயக்கனூர் இருந்தது. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் திரட்டி வந்த தமிழ்த் தொழிலாளர்கள் குரங்கணி வழியாக நடந்தே ஏறியதும் இந்தப் பக்கம்தான். ஆகவே மூணாற்றின் முகம் அக்காலத்தில் கிழக்கு நோக்கியே இருந்தது.

1902இல் மூணாற்றிலிருந்து மாட்டுப்பெட்டி, குண்டளை வழியாக மலையின் கிழக்கு விளிம்புவரை ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று போடப்பட்டது. அது இன்று நகரங்களில் தூண்கள்மேல் ஓடும் மோனோரயிலோடு குழப்பிக்கொள்ளக் கூடாத வேறொரு வகை. ஈவிங் முறை எனப்பட்ட அந்த ஏற்பாட்டில், வண்டிப்பாதையின் ஓரமாகத் தரையிலேயே ஒரே ஒரு தண்டவாளம் கிடக்கும். இருபுறமும் விளிம்பு கொண்ட சிறு இரும்புச் சக்கரங்கள் அதன்மேல் உருளும். வண்டியின் ஒரு பக்கத்தில் நீட்டிய அச்சில் பெரிய சக்கரம் ஒன்று பொருத்தப்பட்டு, பக்கத்திலுள்ள மண்பாதையில் உருண்டு சமநிலையைக் காக்கும். எடையில் மிகப் பெரும்பங்கைத் தண்டவாளம் தாங்குவதால், இழுக்கும் மாட்டுக்குப் பளு குறைந்தது. மூணாற்றில் இழுத்தவை காளைகள். சில ஆண்டுகள் கழித்துப் பாட்டியாலா அரசில் இதே முறையில் அமைந்த பாதையின் எஞ்சின் டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இன்றும் காணக் கிடைக்கிறது; மூணாற்றின் காளை வண்டிகளுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.

மலை விளிம்பில் தண்டவாளம் முடிந்த இடமே டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி, கீழே கொட்டகுடியில் இருந்த அடிநிலையத்துக்கு இறங்கின. பிறகு மாட்டுவண்டியில் போடிக்கும், அங்கிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கும், கப்பலில் இங்கிலாந்துக்கும் போயின. 1908இல் ஒற்றைத் தண்டவாளம் எடுக்கப்பட்டு, இரண்டடி அகல இருப்புப்பாதை போடப்பட்டது. சிறு நீராவி எஞ்சின்கள் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடத் தொடங்கின.

சைக்கிள் பந்தயத்தின் கதையில் இதற்கு என்ன இடம் என்று வாசகர் கேட்கலாம். நீராவி எஞ்சின் செங்குத்தான ஏற்றத்தில் ஏறாது. ஆகவே மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி, சீரான சரிவில், பல கிலோமீட்டருக்குத் தடத்தை வளைத்து எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது. இத்தகைய சீர்சரிவுத் தடமே மலைச் சைக்கிள் ஓட்டிக்குக் கிடைக்கும் பெருங்கொடை. மூச்சு அடங்கி, தாளம் பிடித்து, மணிக்கணக்கில் மிதிக்க உதவுவது அது. மாட்டுப்பெட்டியிலிருந்து குண்டளைவரை இன்று வாகனம் ஓட்டும் எவரும் சாலையின் வளைவுகளிலேயே அந்தப் பழைய கணக்கை உணர முடியும். அந்த மண்ணை வெட்டிக் கல்லை அடுக்கிய கைகள் பெரும்பாலும் தமிழ்க் கூலிகளின் கைகள். அவர்களுள் ஒருவரது பெயரும் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை.

1924 ஜூலை

கொல்லம் ஆண்டு 1099 ஆகையால், மலையாள நாட்டார் இன்றும் அதனைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்றே குறிப்பிடுகின்றனர். 1924 ஜூலையில் மழை நாள்கணக்கில் விடாது கொட்டியது. அந்த ஒரு மாதத்தில் மூணாற்றில் ஏறத்தாழ 485 சென்டிமீட்டர் மழை பெய்ததாகக் குறிப்புகள் கூறுகின்றன. சென்னை மாநகரில் மூன்று ஆண்டுகளில் பெய்வதைவிட இது மிகுதி.

மலைச்சரிவுகள் பெயர்ந்தன. சரிந்த மண்ணும் மரமும் பள்ளத்தாக்குகளை அடைத்துத் தற்காலிக அணைகளாகி, நீர் தேங்கி, பின்னர் ஒரேயடியாக உடைந்தன. மூணாறு ஊர் மூழ்கியது. பதினாறு ஆண்டுகள் ஓடிய குண்டளை இருப்புப்பாதை பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டது.

அதே வெள்ளம் மேற்கேயும் ஒரு பாதையை விழுங்கியது. ஆலுவாயிலிருந்து கோதமங்கலம், குட்டம்புழை, பூயம்குட்டி, மாங்குளம் வழியாக மூணாற்றுக்கு அக்காலத்தில் ஒரு சாலை இருந்தது. கரிந்திரி மலை சரிந்தபோது அந்தச் சாலை துண்டானது. கிழக்கு வாயிலும் மேற்கு வாயிலும் ஒரே மாதத்தில் அடைபட்டதால், மூணாறு உலகத்திலிருந்து அறுந்து நின்றது.

இந்தத் தொடரின் நோக்கில் தீர்மானமான தருணம் இதுதான். கம்பெனி இருப்புப்பாதையைத் திரும்பப் போடவில்லை. திருவிதாங்கூர் அரசும் பழைய ஆலுவாய்ச் சாலையை மீட்கவில்லை. நேரியமங்கலம், அடிமாலி வழியாக வேறொரு சாலை எழுந்தது. பெரியாற்றின்மேல் நேரியமங்கலம் பாலம் 1935இல் திறக்கப்பட்டது. மூணாற்றின் முகம் கொச்சியை நோக்கித் திரும்பியது. கைவிடப்பட்ட இரண்டு தடங்களில் குண்டளைத் தடம் தோட்டச் சாலையாக உயிர்பிழைத்தது. பூயம்குட்டித் தடமோ காட்டுக்குள் புதைந்தது. பிற்காலத்தில் அந்தப் பழைய அரசபாதையைத் திறக்கக் கோரி ஊர்மக்கள் போராடுவதும், அது காட்டுநிலம் என்று வனத்துறை மறுப்பதும் இன்றளவும் தீராத வழக்காக இருக்கின்றன. நூறாண்டுக்கு முன் சாலையாக இருந்தது இன்று காடா, சாலையா என்ற அந்தக் கேள்வி, இம்மலைகளில் பந்தயம் நடத்த நினைக்கும் எவரையும் வேறொரு உருவில் வந்து மறிக்கும்.

1942 ஏப்ரல்

பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. ஏப்ரல் 5 அன்று கொழும்பின்மேல் குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. சென்னையிலிருந்து மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர்.

ஜப்பானியர் கிழக்குக் கரையில் இறங்கினால் கொடைக்கானலில் உள்ள ஐரோப்பியர் எவ்வழியே தப்புவது என்ற கவலை அப்போது எழுந்தது. கீழே மதுரைச் சமவெளிக்கு இறங்குவது எதிரியின் கையில் விழுவதாகும். ஆகவே மலையின் முதுகின் மேலேயே மேற்காகச் சென்று, பேரிஜம், வந்தரவு வழியாக டாப் ஸ்டேஷனை அடைந்து, மூணாறு சென்று, கொச்சியில் கப்பலேறுவது என்று திட்டமிடப்பட்டது. குதிரைத்தடமாக இருந்த வழி இதனால் புது முக்கியத்துவம் பெற்றது. எஸ்கேப் ரோடு என்ற பெயரும் அந்தப் போர்க்காலத்தின் எச்சமே. வந்தரவு மலையருகே அது ஏறத்தாழ 2,480 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. தென்னிந்தியாவில் அவ்வளவு உயரத்தில் சென்ற சாலை வேறு காண்பது அரிது.

ஜப்பானியர் வரவில்லை. அந்தச் சாலையில் யாரும் தப்பிச் செல்லவும் நேரவில்லை. போருக்குப் பின் சில பத்தாண்டுகள் ஜீப்புகளும் லாரிகளும் ஓடிய அது, 1990 வாக்கில் போக்குவரத்துக்கு மூடப்பட்டது.

வரைபடத்தில் பார்க்கும்போது, நாள்தொடர் பந்தயம் ஒன்றின் மையக் கட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாதையை வேண்டிப் பெற முடியாது என்று தோன்றும். மூணாற்றில் தொடங்கிக் குண்டளைவரை சீர்சரிவு. டாப் ஸ்டேஷனுக்குமேல் சோலைக்காடு. அதன்பின் புல்மேட்டில் திறந்த வானத்தின்கீழ் நெடும் ஏற்றம். கடைசியில் பேரிஜம் ஏரியைக் கடந்து கொடைக்கானலுக்கு இறக்கம். ஆல்ப்ஸின் படைவழிகள் டிரான்ஸ்ஆல்புக்கு அளித்தவற்றை எஸ்கேப் ரோடு தன் ஒரே உடலில் வைத்திருக்கிறது.

ஆனால் டாப் ஸ்டேஷனைத் தாண்டியதும் பாம்பாடும் சோலை குறுக்கே வருகிறது. 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அது கேரளத்தின் மிகச் சிறிய தேசியப் பூங்கா. பரப்பு சுமார் 1.3 சதுர கிலோமீட்டர். அதன் ஊடாக வட்டவடை ஊராரும் காய்கறி லாரிகளும் சோதனைச்சாவடியில் பதிந்துவிட்டுச் செல்லும் சாலை ஒன்று உண்டு. அதற்கு அப்பால், தமிழ்நாட்டுப் பக்கம், 2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம். இரு மாநிலம், இரு வனத்துறை, ஒரே சாலை. அதுவும் மூடிய சாலை.

பாலக்காட்டுப் பக்கம்

வடக்கு முனையில் கதை இன்னும் விசித்திரமானது. பறம்பிக்குளத்துத் தேக்கை இறக்குவதற்காகக் கொச்சி அரசு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சாலக்குடியிலிருந்து காட்டுக்குள் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்துக்கு டிராம்பாதை போட்டது. செங்குத்தான இடங்களில் எஞ்சினுக்குப் பதிலாகச் சரிவுமேடைகள் அமைக்கப்பட்டன: தேக்கு ஏற்றிய வண்டி கம்பிவடத்தின் ஒரு முனையில் இறங்க, அதன் எடையே மறுமுனையில் காலி வண்டியை மேலே இழுத்துவிடும். 1907 முதல் ஓடிய அப்பாதை 1963இல் முற்றிலுமாகக் கைவிடப்பட்டது. அதன் தடம் இன்று புலிக் காட்டின் நடுவில் கிடக்கிறது. பறம்பிக்குளம் 2010இல் புலிகள் காப்பகமாயிற்று.

டிராம்பாதை போனபின் பறம்பிக்குளத்துக்குக் கேரளத்தின் உள்ளிருந்து வாகனச் சாலை கிடையாது. பாலக்காடு மாவட்டத்து முதலமடைப் பஞ்சாயத்தைச் சேர்ந்த அந்த இடத்துக்கு, தமிழ்நாட்டின் சேத்துமடையில் நுழைந்து, டாப்ஸ்லிப் வழியாக, ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைக் கடந்துதான் போக வேண்டும். கேரளத்தவர் கேரளத்துக்குச் செல்லத் தமிழ்நாட்டு வனச்சாவடியில் நிற்கும் நிலை இது.

நெல்லியாம்பதியில் காப்பியும் தேயிலையும் விளையும் தோட்டங்கள் உண்டு. போத்துண்டியிலிருந்து கொண்டையூசி வளைவுகளில் ஏறும் சாலையும், தோட்டங்களுக்குள் ஜீப் மட்டுமே போகும் கல்தடங்களும் உண்டு. ஆனால் அங்குள்ள தோட்டங்களில் பல அரசு குத்தகை நிலத்தில் நிற்பவை. குத்தகை முடிந்தது, மீறப்பட்டது என்று நீதிமன்றம்வரை சென்ற வழக்குகள் பல. அந்த நிலத்தில் பந்தயத்துக்கு இசைவு தர வேண்டியவர் தோட்டக்காரரா வனத்துறையா என்பதே முதலில் தீர வேண்டிய கேள்வி.

முப்பது கிலோமீட்டர்

இரு முனைகளையும் சேர்ப்பது எப்படி? வால்பாறையிலிருந்து மூணாறு, பறவை பறக்கும் கணக்கில், முப்பது கிலோமீட்டருக்குள் அடங்கும். சாலை வழியே செல்வதானால், நாற்பது கொண்டையூசி வளைவுகளில் ஆழியாறுக்கு இறங்கி, உடுமலைப்பேட்டை சென்று, சின்னாரையும் மறையூரையும் கடந்து ஏற வேண்டும். தூரம் 150 கிலோமீட்டரைத் தாண்டிவிடும்.

இடையிலுள்ள முப்பது கிலோமீட்டரில் என்ன இருக்கிறது? தமிழ்நாட்டின் புல்மேடு, கேரளத்தின் இரவிகுளம், முதுவான் மக்கள் வாழும் இடமலைக்குடி, கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து. வரையாடு இவ்வுலகில் மிகுதியாக வாழும் இடம் இரவிகுளம். 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆன அதன் இராஜமலைப் பகுதி, வரையாடு குட்டி ஈனும் பருவத்தில், பிப்ரவரி, மார்ச் மாதங்களில், நடந்து வரும் பயணிகளுக்கே மூடப்படுகிறது.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள்ளோ தேசியப் பூங்காவுக்குள்ளோ நுழைய, தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும். ஆராய்ச்சி, புகைப்படம், சுற்றுலா போன்ற நோக்கங்களுக்கு அது வழங்கப்படலாம். பந்தயத்தை அதில் எந்தத் தலைப்பில் சேர்ப்பது? முந்நூறு வீரர் ஓடும் ஒரு கட்டத்துக்கு உணவுச்சாவடி, மருத்துவ வண்டி, நடுவர் வண்டி, இரவுக் கூடாரம் என ஒரு சிற்றூரே கூடவே நகர வேண்டும். வரையாட்டு மேட்டில் அச்சிற்றூரை நகர்த்த யாரும் அனுமதி தரக்கூடாது. இதுவரை தராதவர்கள் செய்தது சரியே. கதவு மூடியிருப்பதற்கு அதிகாரிகளின் மெத்தனத்தைக் காரணம் காட்டுவோர், அக்கதவு மூடியதால்தான் ஆனைமுடியின் புல்வெளி இன்றும் புல்வெளியாக நிற்கிறது என்பதை மறந்துவிடுகின்றனர்.

நாள்காட்டியும் நெருக்கடி தருகிறது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் செப்டம்பர்வரை மண்சரிவு அச்சம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை. பிப்ரவரி பிற்பகுதியிலிருந்து காட்டுத்தீ. எஞ்சுவது டிசம்பரும் ஜனவரியும். அந்த இரு மாதமும் மூணாற்றில் சுற்றுலா நெரிசல் உச்சத்தில் இருக்கும் மாதங்கள்.

2018 மார்ச் 11

தீ அச்சம் வெறும் அச்சமாக இருந்துவிடவில்லை. தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. சென்னையிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் வந்திருந்த அவர்களில் பலர் இளைஞர்கள், பெண்கள் மிகுதி. மார்ச் மாதத்துப் புல், ஆளுயரத்துக்குக் காய்ந்து நின்றது. மேலே ஏறவும் வழியில்லை, கீழே இறங்கவும் வழியில்லை. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மீட்க முதலில் ஓடிச் சென்றவர்களில் குரங்கணி ஊர்மக்களும் இருந்தனர்.

நூறாண்டுக்கு முன் கங்காணிகளோடு தொழிலாளர் ஏறிய மலைமுகத்தில் நேர்ந்த இந்தத் துயரம், இந்த எல்லையில் எல்லாவற்றையும் மாற்றியது. அந்த ஆண்டிலேயே தமிழ்நாடு அரசு வனப்பகுதி மலையேற்றத்துக்குத் தனி விதிகளை வகுத்தது. வழிகாட்டி யார், பருவம் எது, பொறுப்பு யாருடையது என்ற கேள்விகளுக்கு எழுத்தில் விடை வேண்டும் என்றாயிற்று. 2024 அக்டோபரில் 40 வழிகளை வரையறுத்து, அரசே மலையேற்றத் திட்டமொன்றைத் தொடங்கியபோது, மூடிய கதவு சற்றே திறந்தது. அத்திறப்பு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு நடந்து செல்பவருக்கானது.

நாள்தொடர் பந்தயம் நடத்துவோர் குரங்கணியை ஒரு பழைய செய்தியாகக் கடந்துபோகக் கூடாது. பந்தய வீரர் தனித்தனியே, களைத்து, கைபேசி எட்டாத இடத்தில் ஓடுகிறார். ஒரு முகட்டில் தீ தெரிந்தால் முந்நூறு பேரையும் அரை மணி நேரத்துக்குள் நிறுத்தி இறக்க ஏற்பாடு இல்லையென்றால், அத்தகைய பந்தயம் நடக்காமலிருப்பதே நல்லது.

தேயிலைக்குள் ஓடிய சக்கரம்

காடு மூடியபோது கேரளத்தில் மலைச் சைக்கிள் எங்கே போயிற்று? தேயிலைத் தோட்டத்துக்குள் போயிற்று. வயநாட்டின் மானந்தவாடி அருகே பிரியதர்சினி தேயிலைத் தோட்டத்தில் எம்டிபி கேரளா போட்டிகள் நடந்தன. 2023 அக்டோபர் 26 முதல் 29 வரை, திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடியில், மெர்ச்சிஸ்டன் தோட்டத்தில், ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன் போட்டி நடந்தது. அப்போட்டியை இந்தியா ஏற்று நடத்தியது அதுவே முதல் முறை. பாரிஸ் ஒலிம்பிக்குக்கான தகுதிச்சுற்றாகவும் அது அமைந்தது.

இரண்டும் ஒரே தோட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி வரும் ஓட்டங்கள். ஒரு நிலம், ஓர் உரிமை, ஓர் இசைவு. பல நாள், பல ஊர் செல்லும் பயணத்துக்கு 2008 டிசம்பரில் தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரிஸ் வழிகாட்டியிருந்தது. ஆனால் அது தார்ச்சாலையில் ஓடுவது. கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு என மூன்று மாநிலக் காவல்துறையோடும் பேசி, பல நூறு கிலோமீட்டரைச் சைக்கிளில் கடக்க முடியும் என்பதை அது மெய்ப்பித்தது.

இவ்விரண்டு அனுபவங்களையும் இணைத்துப் பார்த்தால் ஒரு வழி மங்கலாகத் தெரிகிறது. நெல்லியாம்பதி, வால்பாறை, மூணாறு ஆகிய மூன்றும் தோட்ட நாடுகள். ஒவ்வொன்றிலும் டிவிஷனிலிருந்து ஃபாக்டரிக்கும், தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து கொழுந்து நிறுக்கும் இடத்துக்கும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மண்சாலைகள் பின்னிக் கிடக்கின்றன. மழைக்காலத்தில் அச்சாலைகளின் செம்மண் டயரின் பள்ளங்களை அடைத்து, சக்கரத்தை இரண்டு மடங்கு கனமாக்கிவிடும். டிசம்பர் வெயிலில் அதே மண் கல்லாக இறுகி, சக்கரத்தடங்கள் இரண்டு வாய்க்கால்களாக நிற்கும், நடுவே புல் முளைத்திருக்கும். காலை ஆறு மணிக்குப் பந்தயம் விடுவதானால், படையப்பா போன்ற காட்டானை அன்றிரவு எந்த டிவிஷனில் நின்றது என்பதை முதலில் தோட்டத்துக் காவலரிடம் கேட்டாக வேண்டும். அந்த அறிவை எந்த வரைபடமும் தராது. லயத்தில் குடியிருப்போரிடம் மட்டுமே அது உண்டு. ஆகவே இம்மலைகளில் பந்தயம் ஒன்று வருமானால், அவர்கள் வேலியோரம் நின்று கைதட்டுபவர்களாக அன்றி, வழி சொல்பவர்களாகவும் ஊதியம் பெறுபவர்களாகவும் அதில் இடம்பெற வேண்டும். அந்தத் தடங்களை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள்.

தோட்டத்துக்குள் கட்டங்கள் அமையலாம். தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே காடு இருக்கிறது. அது திறக்காது, திறக்கவும் வேண்டாம். எனில் ஒரு கட்டம் முடிந்ததும் வீரரையும் சைக்கிளையும் பேருந்தில் ஏற்றி, சமவெளி சுற்றிச் சென்று, அடுத்த மலையில் இறக்கிவிடுவதுதான் எஞ்சும் வழி. 2007இல் கனடாவின் மேற்குக் கரையில் தொடங்கிய பிசி பைக் ரேஸ், தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே வீரர்களைப் படகிலும் பேருந்திலும் ஏற்றிச் சென்று இத்தகைய ஏற்பாட்டை நடத்திக் காட்டியது. அந்தக் கதையை அடுத்த வாரம் பார்க்கலாம்.

அதுவரை வாசகர் சிந்திக்க ஒரு கேள்வி: வால்பாறைக்கும் மூணாற்றுக்கும் இடையிலுள்ள அந்த முப்பது கிலோமீட்டரைப் பேருந்தில் சுற்றிக் கடந்த ஒருவரை, ஆனைமலையைச் சைக்கிளில் கடந்தவர் என்று ஏற்பீர்களா?